பறங்கி: வாவிக்கு அப்பால் தொடங்கிய ஒரு நோயின் கதை

இலங்கையின் முதலாவது அரச மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொழும்பில் தொடங்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் சேர் ஹெர்குலிஸ் றொபின்சன். கல்லூரியின் முதல் அதிபர் ஜேம்ஸ் லூஸ் என்னும் மருத்துவர். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார் என்பதை நம்மவர் அறிவர். ஆனால், மருத்துவக் கல்வியில் அதுவரை அக்கறை காட்டாதிருந்த குடியேற்ற அரசு 1870இல் திடீரென்று ஒரு கல்லூரியைத் திறக்க முன்வந்தது ஏன் என்பதைப் பலர் அறியார். வன்னியிலே கிராமங்கள் ஆளின்றிப் போய்க்கொண்டிருந்தன. அங்குள்ள மக்களைத் தின்றுகொண்டிருந்த நோய்களில் முதன்மையானதாக அதிகாரிகள் குறித்த நோயின் பெயர் பறங்கி. இந்த நாட்டின் மருத்துவக் கல்வி வரலாற்றின் முதல் ஏட்டில் நிற்பது இந்த நோய்தான்.

பழைய இந்த வரலாற்றை இப்போது எடுத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. செட்டிபாளையத்தில் பிறந்து கனடாவில் வாழும் உறவினர் ஒருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். ஒன்ராறியோவிலே காட்டோரமாக நடந்து திரிந்தபோது உண்ணி கடித்ததை அவர் கவனிக்கவில்லை. சில மாதங்களின் பின் முழங்கால் வீங்கிற்று. லைம் நோய் என்றார்கள். "கிருமி உடம்பெல்லாம் பரவிவிட்டதாம் அண்ணன். பரவின பிறகு மருந்து கேட்குமா?" என்பது அவருடைய கேள்வி. நான் மருத்துவன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் முதிர்ந்தவன் மட்டுமே. ஆயினும் அவர் கேட்ட கேள்வி நமது மண்ணுக்குப் புதியதன்று. அவருடைய பாட்டன் பூட்டன் காலத்து மக்கள் இதே கேள்வியை வேறொரு நோயைக் குறித்துக் கேட்டிருக்கிறார்கள்.

லைம் நோயை உண்டாக்கும் கிருமியும் பறங்கியை உண்டாக்கும் கிருமியும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. தக்கைத் திருகியைப் போல முறுக்கிக்கொண்ட மெல்லிய உடல் உடையவை; ஆதலால் சுருளிக் கிருமிகள் எனப்படுபவை. மேகப்புண் எனப்படும் சிபிலிசை உண்டாக்குவதும், நமது வயல்வெளிகளில் இன்றும் உயிர் குடிக்கும் எலிக்காய்ச்சலை உண்டாக்குவதும் இவ்வகையினவே. இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுவது இவற்றின் பொது இயல்பு. லைமும் பறங்கியும் சிபிலிசும் சில காலம் பதுங்கிக் கிடந்து, பின்னர் உடலின் வேறோர் இடத்தில் தலைகாட்டவும் வல்லவை.

பெயர் வந்த விதம்

மட்டக்களப்பார் காதில் "பறங்கி" என்ற சொல் இரட்டைப் பொருளோடு ஒலிக்கும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தே ஆண்டுகள். எனினும் அவர்களுடைய வழித்தோன்றல்களான பறங்கியர் சமூகத்தினர் மட்டக்களப்பு நகரில் இன்றும் வாழ்கின்றனர். மூத்தோர் வாயில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் எஞ்சியிருக்கிறது. அந்த மக்களின் பெயரையே ஒரு கொடிய நோய்க்கும் நமது முன்னோர் இட்டனர். சிங்களத்திலும் இந்நோய்க்குப் பறங்கி என்றே பெயர்.

நோய்க்கு அந்நியன் பெயரை வைப்பது உலக வழக்கம். ஐரோப்பாவில் சிபிலிஸ் பரவியபோது பிரெஞ்சுக்காரர் அதனை நாப்பொலி நோய் என்றனர். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். இந்தியாவில் 16ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் அதனைப் பிரங்க ரோகம் என்று குறித்தது. வெளியிலிருந்து வந்தது என்ற எண்ணம் எல்லாப் பெயரிலும் உண்டு. ஆனால் இலங்கையின் பறங்கி, சிபிலிஸ் அன்று. அதற்கு மிக நெருங்கிய உறவான யோஸ் என்னும் நோய். உடலுறவால் பரவுவதன்று, தோலோடு தோல் உரசுவதால், பெரும்பாலும் சிறுவரிடையே தொற்றுவது. இதனைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனரா, அவர்கள் அழைத்துவந்த ஆபிரிக்க அடிமைகளோடு வந்ததா, அதற்கு முன்பே இங்கு இருந்ததா என்பதில் அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பெயர் ஒன்றே ஒரு சமூகத்தின் மீது குற்றம் சுமத்தப் போதுமானதன்று என்பதை மட்டும் சொல்லலாம். இந்நோய் குறித்துப் பாடுபட்ட ஜேம்ஸ் லூஸே பறங்கியர் சமூகத்தவர் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

உடலில் அது செய்யும் வேலை

முதலில் காலிலோ கையிலோ ஒரு கொப்புளம். தொற்றிய இரண்டு மூன்று வாரங்களில் அல்லது சற்றுப் பிந்தி அது தோன்றும். அதிலிருந்து முந்திரிகைக் குலையைப் போன்ற சதைத்திரள் எழுந்து, மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டும். வலி அதிகமில்லை. சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். நோய் போயிற்று என்று வீட்டார் நம்புவர். ஆனால் கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்திருக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து உடலெங்கும் புண்கள் எழும். உள்ளங்காலில் எழுந்தால் தோல் தடித்து வெடித்துவிடும். பாதத்தின் விளிம்பை ஊன்றி நண்டைப் போல நடக்க நேரும். எலும்புகள் இரவில் குடையும். விரல் எலும்புகள் வீங்கும். இதுவும் ஒருநாள் அடங்கும்.

மூன்றாவது நிலை ஐந்து பத்து ஆண்டுகளின் பின்னர் வருவது. சிகிச்சை பெறாதோரில் பத்தில் ஒருவருக்கு அது வரும் என்பது பொதுவான கணக்கு. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு வாளைப் போல முன்னோக்கி வளையும். மூட்டுகள் முடங்கும். மூக்கின் தண்டும் அண்ணமும் அரிக்கப்பட்டுக் குரல் கெடும், முகம் குலையும். இந்நோய் ஆளைக் கொல்வது அரிது. ஆனால் உழவனை உழ முடியாதவனாக்கும். வன்னியில் குளக்கட்டு உடைந்தபோது அதனைக் கட்டுவதற்குக் கை இல்லாமற் போனது இவ்வாறுதான். குளம் வற்றினால் வயல் இல்லை. வயல் இல்லையேல் குரக்கனும் காட்டுக் கிழங்கும். பசித்த உடலில் நோய் மேலும் ஊன்றும். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஊர் அழியும்.

லெனாட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1913இல் அவர் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலில் காய்ச்சலோடும் பசியோடும் பறங்கியும் ஒரு பாத்திரம் போலவே உலவுகிறது. உலர்வலயத்தின் காட்டோர ஊர்களுக்கெல்லாம் அது பொதுவான துயரம்.

பரிகாரியும் பாதரசமும்

ஊர்ப் பரிகாரிமார் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. பறங்கிப்பட்டை என்று நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் விற்கப்படும் கிழங்கு சீனத்திலிருந்து வந்தது. பறங்கி நோய்க்கு மருந்தாகக் கொள்ளப்பட்டதும் பறங்கியரின் கப்பல் வாணிபத்தோடு புகழ் பெற்றதுமான இந்தக் கிழங்கைச் சித்த மருத்துவம் சூரணமாகவும் கஷாயமாகவும் தனதாக்கிக்கொண்டது. அதனைவிடக் கடுமையானது பாதரசம். கீழைத்தேயம், மேலைத்தேயம் என்ற பேதமின்றி நானூறு ஆண்டுகள் மருத்துவர் அனைவரும் சுருளிக் கிருமி நோய்களுக்குப் பாதரசத்தையே நம்பினர். அளவு மிஞ்சினால் வாய் வெந்து உமிழ்நீர் பெருகும், பற்கள் ஆடும், சிறுநீரகம் கெடும். புண் ஆறியது உண்மை. ஆனால் ஆறியது மருந்தாலா, தானாகவே ஆறும் காலம் வந்ததாலா என்பதை எவராலும் பிரித்தறிய முடியவில்லை. பதுங்கிப் பதுங்கி எழும் நோய்களின் பெருந் தந்திரம் இதுவே. எந்த மருந்தையும் அவை சில காலம் நல்ல மருந்தாகக் காட்டிவிடும்.

ஆங்கில மருத்துவர்களும் குழம்பினர். தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி 1881இல் பறங்கி குறித்து விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்குச் சமர்ப்பித்தார். கொழும்பு மருத்துவ பீடம் அமைந்திருக்கும் கின்சி வீதி அவர் பெயர் தாங்கியது. நோய்க்குக் காரணம் கெட்ட நீரா, போதாத உணவா, தொற்றா என்ற வாதம் அக்காலத்தில் ஓயவில்லை. ஆளுநர் வில்லியம் கிரகறி 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தனியாகப் பிரித்து, குளங்களைத் திருத்தும் பணியை ஊக்குவித்தார். குளம் நிறைந்தால் நோய் குறையும் என்பது அக்கால நிர்வாகிகள் பலரின் நம்பிக்கை.

கிழக்கு இவ்வகையில் சற்றுக் கொடுத்துவைத்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1855க்கும் 1860க்கும் இடையில், அன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. நெல் விளைந்தது. பசியால் ஊர் கலையும் நிலை வன்னியைப் போல இங்கு முற்றவில்லை. ஆயினும் நெல் விளைந்ததால் மட்டும் மருந்து வந்துவிடவில்லை.

கொழும்பில் கண்ட கிருமி

1905ஆம் ஆண்டு இவ்வாதத்திற்கு முடிவு கட்டியது. அவ்வாண்டில் பெர்லினில் ஷௌடினும் ஹொஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் கொழும்பில் பாக்டீரியவியல் நிறுவகத்தில் பணியாற்றிய இத்தாலியரான அல்டோ கஸ்டெலானி, பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த நீரில் அதனைப் போன்றதொரு மெல்லிய சுருளிக் கிருமியைக் கண்டார். உலகெங்கும் வெப்ப நாடுகளில் இலட்சக்கணக்கானோரை முடமாக்கிய நோயின் காரணி இலங்கையர் உடலிலிருந்துதான் முதலில் வெளிப்பட்டது. பறங்கி தொற்றுநோய் என்பது உறுதியாயிற்று.

காரணம் தெரிந்த பின்னரும் மருந்து உடனே வந்துவிடவில்லை. கஸ்டெலானி ஒரு கலவை மருந்தை வகுத்தார். அந்திமனி உப்பு, பொட்டாசியம் அயடைடு, சோடியம் சாலிசிலேட், சோடியம் பைகாபனேட் ஆகியவற்றைச் சேர்த்துக் குடிக்கக் கொடுப்பது அது. ஜெர்மனியில் போல் ஏர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்டறிந்த 606ஆம் இலக்க மருந்து 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சங்கநஞ்சு என நாம் அறியும் ஆர்செனிக்கிலிருந்து ஆக்கப்பட்டது. பறங்கியில் அதன் விளைவு மந்திரம் போன்றது. ஓர் ஊசியிலேயே மாதக்கணக்கான புண் சில நாட்களில் காய்ந்து உதிர்ந்தது.

அங்கேதான் இடறல். புண் உதிர்ந்ததும் நோயாளி வீடு திரும்பிவிடுவார். முழுமையாகக் குணமாவதற்கு வாரங்கள் இடைவிட்டுப் பல ஊசிகள் வேண்டும். ஆனால் புண் இல்லாதவன் எதற்காக மறுபடி காத தூரம் நடப்பான்? எஞ்சிய கிருமி எலும்பிலே தங்கிற்று. சில ஆண்டுகளில் நோய் திரும்பிற்று.

ஓடத்துறையின் கணக்கு

இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்வதற்கு மட்டக்களப்பு வாவியைப் பார்த்தால் போதும். வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் கல்முனை வீதியில் மணிகளாகக் கோக்கப்பட்டிருக்கும். வீதி, பள்ளிக்கூடம், சந்தை, வைத்தியசாலை யாவும் இக்கரையில். வாவிக்கு மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயல், குளம், மேய்ச்சல் நிலம், காடு. இரண்டையும் இணைத்தவை ஓடங்கள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான்.

படுவான்கரையின் உட்கிராமத்தில் ஒரு பிள்ளைக்குக் காலில் புண் என்றால் என்ன செய்வர்? அறுவடைக் காலமாயின் தாய் வரமுடியாது. மாரியில் வாவி பெருகினால் ஓடம் இல்லை. துறைக்கு வருவதற்கே பாதி நாள். கொப்புளத்துக்காக எவரும் அவ்வளவு தூரம் பிள்ளையைத் தூக்கிவருவதில்லை. எலும்பு வளைந்த பின்னர் வருவர். "வீதி முடியும் இடத்தில் யோஸ் தொடங்குகிறது" என்று உலக சுகாதார ஊழியரிடையே ஒரு வழக்கு உண்டு. நமது நாட்டில் ஓடம் முடியும் இடத்தில் என்று அதனைத் திருத்திக்கொள்ளலாம். பிந்திய நிலை என்று மருத்துவர் எழுதிவைத்தது நோயின் நிலையை மட்டுமன்று. நோயாளிக்கும் வைத்தியசாலைக்கும் இடையே கிடந்த நிலத்தையும் நீரையும் அது அளந்தது.

இதே வாவியில் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கென்று பிரித்தானியர் காலத்தில் வைத்தியசாலை அமைந்த தீவு. பிறர் அஞ்சிய நோயாளரைத் தீவுக்கு ஏற்றிச் செல்ல அரசுக்குத் தோணி இருந்தது. அச்சம் தராத நோயாளர் தாமாகவே வரவேண்டியிருந்தது.

ஊசி ஊருக்குப் போன காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலின் வந்தது. 1943இல் சிபிலிசுக்கும் அதனை அடுத்து யோசுக்கும் அது உதவும் என்பது தெரியவந்தது. எண்ணெயில் கலந்து உடலில் மெல்லக் கரையும் வகைப் பெனிசிலின் உருவானபோது ஒரே ஊசி போதுமென்ற நிலை பிறந்தது. அதனால் சிகிச்சையின் திசையே மாறிற்று. நோயாளி வைத்தியசாலைக்கு வருவதற்குப் பதிலாக ஊசி நோயாளியிடம் போயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1952 முதல் 1964 வரை 46 நாடுகளில் நடத்திய இயக்கத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் சிகிச்சை பெற்றனர். உலகில் யோஸ் 95 விழுக்காடு குறைந்தது. அந்த இயக்கத்தின் நுட்பம் மருந்தில் மட்டும் இல்லை. புண் உள்ளவனுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தால், புண்ணின்றிக் கிருமியைச் சுமக்கும் அவன் தங்கை அடுத்த மாரியில் ஊரெங்கும் பரப்புவாள் என்பதைக் களத்தில் கற்றனர். ஆதலால் வீடு வீடாகச் சென்று, நோயாளியோடு புழங்கியவர்களுக்கும் சேர்த்தே ஊசி போட்டனர். இலங்கையிலும் பறங்கி மெல்ல மறைந்தது. வீதியும் இலவச வைத்தியமும் செருப்பும் சவர்க்காரமும் அதில் பங்கு கொண்டன. செட்டிபாளையத்தில் இன்று இளைஞரிடம் பறங்கி என்றால் மட்டக்களப்பு நகரத்து மக்களை மட்டுமே நினைப்பர்.

பரவிய பின் மருந்து கேட்குமா

கேட்கும் என்பதே வரலாறு தரும் விடை. ஆனால் அவ்விடைக்கு இரண்டு பகுதிகள் உண்டு.

பிந்திய நிலைப் பறங்கியிலும் பெனிசிலின் கிருமியைக் கொன்றது. ஆறாப் புண்கள் ஆறின. எலும்பின் குடைச்சல் நின்றது. வளைந்த எலும்பு நிமிரவில்லை. இழந்த மூக்கு முளைக்கவில்லை. மருந்து நோயை நிறுத்தும். நோய் செய்துவிட்டுப் போன சேதத்தை அழிக்காது. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் குணமாகவில்லை என்றெண்ணி மேலும் மேலும் பாதரசத்தையும் ஆர்செனிக்கையும் தேடிச் சென்று நஞ்சுண்டனர்.

லைம் நோயின் கதையும் இதனைப் பெரிதும் ஒத்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்ற ஊரில் பிள்ளைகளின் மூட்டுகள் வீங்குவதைக் கண்டு தாய்மார் விடாது முறையிட்டதன் பேரில் 1975இல் ஆய்வு தொடங்கிற்று. வில்லி பேர்க்டோர்ஃபர் உண்ணியின் வயிற்றில் கண்ட சுருளிக் கிருமி 1982இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கடித்த இடத்தில் செவ்வளையம் தோன்றும்போதே டொக்சிசைக்கிளின் உட்கொண்டால் பெரும்பாலும் அத்தோடு முடியும். பரவி மூட்டில் தங்கிவிட்டால் வழமையாக 28 நாட்கள் மாத்திரை. போதாதாயின் மற்றுமொரு தவணை, அல்லது நாளத்தில் ஏற்றும் செஃப்ட்ரையாக்சோன். நரம்பையோ இதயத்தையோ தொட்டிருந்தால் இரண்டு மூன்று வாரச் சிகிச்சை. பெரும்பாலானோர் தேறுகின்றனர்.

சிலருக்கு மட்டும் களைப்பும் நோவும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அவர்களுடைய துன்பம் கற்பனையன்று. ஆனால் அதற்கு மேலும் மேலும் கிருமிகொல்லி கொடுப்பது உதவுமா என்பதை ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 90 நாள் மருந்து, வெற்று மருந்தைவிட மேலான பயன் தரவில்லை. 2016இல் நெதர்லாந்து ஆய்வும் நீண்ட சிகிச்சையால் மேலதிகப் பயனில்லை என்றே கண்டது. மாதக்கணக்கில் நாளத்தில் மருந்தேற்றுவதாக விளம்பரம் செய்வோரிடம் செல்வதற்கு முன் புலம்பெயர்ந்த நம்மவர் இதனை அறிந்திருத்தல் நலம். முழங்கால் வீங்கியவருக்கு நான் எழுதியதும் இதுதான். தவணை மருந்தை ஒருநாளும் விடாது முடிக்கவேண்டும். அதன் பின்னரும் நோவு இருந்தால் அதே மருத்துவரிடமே திரும்பச் செல்லவேண்டும்.

முடிவுறாத ஏடு

இந்தியா 2016இல் யோஸ் ஒழிந்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றது. ஒடிசாவின் கோராபுட் மலைப்பகுதியில் 1996இல் தொடங்கிய இயக்கம் அது. பழங்குடிக் கிராமங்களை வீடு வீடாகத் தேடிச் சென்றது. 2012இல் பப்புவா நியூகினியில் ஓரியோல் மிட்ஜாவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு, அசித்ரோமைசின் மாத்திரையை ஒரே வேளை விழுங்கினால் பெனிசிலின் ஊசிக்கு ஈடாகும் என்று காட்டிற்று. ஊசியும் வேண்டாம், ஊசி போடத் தெரிந்தவரும் வேண்டாம். இனி உலகிலிருந்தே துடைத்துவிடலாம் என்று நம்பினர்.

ஆனால் அந்த நாட்டின் லிஹிர் தீவில் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்த பின்னர் சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைதூக்கியது. அம்மருந்துக்கு அடங்காத கிருமியும் தோன்றியது. 2018இல் வெளியான இந்தச் செய்தி நமது பத்திரிகைகளில் ஒரு மூலையிலும் வந்ததாக நினைவில்லை. 1960களில் 95 விழுக்காடு வெற்றி பெற்றபோது உலகம் இந்நோயை மறந்தது. எஞ்சிய 5 விழுக்காட்டிலிருந்து அது ஆபிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் திரும்பி வளர்ந்தது. இன்று அதனைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அவர்களுடைய ஊர்களுக்கு இன்னும் ஓடம்தான்.